அறுபது பெட்டியும் பதினான்கு குடித்தனமும்

போன மாதம் கவிதா தொலைபேசியில் அழைத்தாள். கோலசிலாங்கூர் அலுவலகத்தில் நான் ஓய்வு பெற்று எழுந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். வழக்கமாக என் முட்டிவலியை விசாரித்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுவாள். அன்று நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“அக்கா, பழைய போராங், படிவம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்துறோம். கட்டட ஒப்படைப்பு போராங்ல, கடைசி பக்கத்துல அடியில ஒரு வரி இருக்கு. பறவைகளையும் விலங்குகளையும் குடியிருப்பவர்களாகக் கருதக் கூடாதுன்னு. இத யாரு வெச்சது? எங்க பாஸ் சிரிக்கிறாரு. தூக்கிரலாமா?”

“தூக்குறதுன்னா தூக்கு லா. ஆனா அந்த ஒத்த வரிக்காக நான் மூணு நாள் ஏணி ஏறியிருக்கேன்.”

“ஏணியா? நீங்களா?”

அவள் சிரித்த சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மலேசிய அரசு வேலையில் சேர்ந்தேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மகள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சம்பாதிக்கிறாள் என்பதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஆறு மாதப் பயிற்சியில் தாளில் நேராகத் துளை போடவும், கோப்பில் நூல் கோக்கவும், முத்திரையைத் தலைகீழாகக் குத்தாமல் இருக்கவும் கற்றுக்கொண்டேன். மற்றதையெல்லாம் திட்டு வாங்கியே கற்றேன்.

எங்கள் அலுவலகத்தின் வேலை, லாப நோக்கம் இல்லாத ஆராய்ச்சி நிறுவனங்களை மேற்பார்வையிடுவது. அரசாங்கம் மானியம் தரும், நிறுவனம் ஆராய்ச்சி செய்யும், கட்டுமான வேலை வந்தால் குத்தகையாளரை வைத்துக்கொள்ளும். அந்தக் குத்தகையாளரின் பெயர் எங்கள் பட்டியலில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் நாங்கள் நேரில் போய்ப் பார்த்துப் படிவம் நிரப்பித் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை நிறுவனத்திடமிருந்து அறிக்கை வர வேண்டும். வராவிட்டால் நினைவூட்டல் அனுப்புவோம். அதற்கும் பதில் இல்லையென்றால், முன்பு நினைவூட்டியதை நினைவூட்டி இன்னொரு கடிதம் போகும். என் இளமையில் பாதி நினைவூட்டியே கழிந்தது.

அலுவலகத் தலைவர் சிற்றம்பலம் சார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய அப்பாவும் தாத்தாவும் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிகளாக இருந்தவர்கள். மூன்று தலைமுறையாகத் தாளோடு புழங்கிய கை என்பது அவர் பேனா பிடிக்கும் விதத்திலேயே தெரியும். மெலிந்த உடம்பு, எப்போதும் வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று எழுத, இன்னொன்று பிறர் எழுதியதை அடிக்க.

அவரிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. கோப்பை அடியிலிருந்து படிப்பார். புதிய தாளை மேலே சேர்த்துக் கோப்பதால் பழையது அடியில் கிடக்கும். நாங்கள் எல்லோரும் மேலே இருக்கும் இரண்டு கடிதத்தைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுவோம். அவர் மொத்தக் கோப்பையும் கவிழ்த்துப் போட்டு முதல் தாளிலிருந்து வருவார். ஒரு கோப்புக்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஆகும். பொறுமை இல்லாதவர்கள் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

இன்னொன்று, படிவத்தில் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விட மாட்டார். சின்னக் கோடு கிழித்துவிட்டுப் போவதும் அவருக்கு ஆகாது.

“வெறுங்கட்டம் விட்டால் பிறகு வாறவன் அதிலை தனக்கு வேண்டினதை எழுதுவான், பிள்ளை. இல்லையெண்டால் ‘இல்லை’ எண்டு எழுதும். தெரியாதெண்டால் ‘தெரியாது’ எண்டு எழுதும். உதிலை வெக்கம் ஒண்டும் இல்லை.”

எனக்கோ அவர்மேல் எரிச்சலாக இருக்கும். இருபத்தைந்து வயது, வேகமாக முடித்துவிட்டுச் சபாக் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்கிற அவசரம்.

இனி அந்த ஒரு வரிக்குக் காரணமான ஆந்தைக்கு வருகிறேன். அப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் எலித் தொல்லை பெரிய தலைவலியாக இருந்தது. குலை பழுக்கும் முன்பே கொறித்துவிடும். விஷம் வைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. எங்கள் மேற்பார்வையில் இருந்த ஒரு ஆராய்ச்சி நிறுவனம் ஆந்தையைக் கொண்டு எலியை ஒழிக்கலாமா என்று பார்க்கத் திட்டம் போட்டது. கம்பம் நட்டு, அதன் உச்சியில் மரப்பெட்டி வைத்தால் காட்டு ஆந்தை தானாக வந்து தங்குமா என்பதுதான் ஆராய்ச்சி. அதை நடத்தியவர் டாக்டர் லிம். நாள் முழுவதும் ரப்பர் பூட்ஸோடு திரிகிற, ஆந்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டை மறந்துபோகிற மனிதர்.

புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து வடக்கே சபாக் வரை மூன்று தோட்டங்களில் அறுபது பெட்டி வைத்து, பிறகு அவற்றைப் பராமரிக்கும் குத்தகை மாரிமுத்து என்பவருக்குக் கிடைத்தது. அவர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். தச்சு வேலை கைவந்த கலை. இந்தக் குத்தகையை நம்பி மண்டோர் வேலையை விட்டிருந்தார். தோட்ட வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும். ஆனால் தோட்டத்திலேயே பெட்டி வேலை நடந்ததால், குத்தகை இருக்கும்வரை வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று மேனேஜர் அனுமதித்திருந்தார்.

மாரிமுத்து அறுபது பெட்டியையும் வைத்து முடித்து, பார்வையிட வரும்படி எங்களுக்கு எழுதினார். நாங்கள் போக ஐந்து மாதம் ஆயிற்று. ஏன் என்று கேட்காதீர்கள். அப்போது அது சீக்கிரம்.

நான் புடவையில் போனேன். மாரிமுத்து ஏணியைக் கம்பத்தில் சாத்தி, புதுக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு மேலே ஏறிப் பெட்டியின் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு வெள்ளை முகம் வட்டமாக எட்டிப் பார்த்தது. நான் கீழே நின்றபடியே பார்த்தேன். சாலையோரமாக நான்கு பெட்டி பார்த்தோம். நான்கிலும் ஆந்தை. வெயில் ஏறிவிட்டது. போதும் என்று திரும்பிவிட்டேன்.

ஆந்தைப் பெட்டிக்கென்று தனிப் படிவம் எங்களிடம் இல்லை. மானியத்தில் எழுப்பிய எதுவும் கட்டடம்தான். கட்டடத்துக்கு இருந்த ஒரே படிவம் ஊழியர் குடியிருப்புக்கானது. சிற்றம்பலம் சார் அப்போது இரண்டு வாரப் பயிற்சிக்குப் போயிருந்தார். நானே நிரப்பினேன். கட்டடங்களின் எண்ணிக்கை, அறுபது. கூரை, பலகை. குழாய்த் தண்ணீர், இல்லை. மின்சாரம், இல்லை. கழிவறை, இல்லை. ‘ஒப்படைக்கும் முன்பே யாரேனும் குடியேறியுள்ளனரா?’ என்ற கேள்விக்கு, கண்ணால் பார்த்த உண்மையை எழுதுகிறேன் என்ற பெருமிதத்தோடு ‘ஆம்’ என்று குறியிட்டேன். அதற்கடுத்த கேள்விகளுக்குச் சின்னக் கோடு கிழித்துவிட்டு அனுப்பினேன்.

பத்தே நாளில் பதில் வந்தது. எங்கள் தலைமையகம் அவ்வளவு வேகமாக அதற்கு முன் எதற்கும் பதில் போட்டதில்லை. ஒப்படைக்காத அறுபது கட்டடங்களிலும் ஆட்களைக் குடியேற விட்டது குத்தகையாளரின் விதிமீறல். அவர் பெயர் நிறுத்தி வைக்கப்படுகிறது. முப்பது நாளுக்குள் தகுந்த விளக்கம் வராவிட்டால் பட்டியலிலிருந்து நீக்கப்படும். நகல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு. நகல் தோட்ட மேனேஜருக்கு.

சிற்றம்பலம் சார் பயிற்சி முடிந்து வந்தார். கடிதத்தைப் படித்தார். என் படிவத்தின் நகலைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பிள்ளை, இந்த அறுபது பெட்டிக்குள்ளையும் நீர் எட்டிப் பாத்தனீரோ?”

“நாலு, சார்.”

“ஓம். மற்ற அம்பத்தாறு?”

நான் மேசையில் கிடந்த குண்டூசிகளை எண்ணினேன்.

“எட்டிப் பாக்காத பெட்டிக்கு நீர் எப்பிடி ‘ஆம்’ எண்டு போட்டனீர்? போய் அறுபதையும் பாரும். ஒரு பெட்டிக்கு ஒரு படிவம்.”

அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏணி மாரிமுத்துவிடம்தான் இருந்தது. மறுநாள் அவருடைய லயத்து வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சட்டிபானைகள், அண்டா, அம்மிக்குழவி எல்லாம் ஒரு சாக்கில் மூட்டையாகக் கிடந்தன. அதைச் சுற்றிக் கட்டியிருந்தது அந்தப் புதுக் கயிறு, ஏணி கட்டும் கயிறு. நகல் கடிதம் வந்த அன்றே மேனேஜர் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம்.

மாரிமுத்துவின் மனைவி பாக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அந்த டிக்கு போட்டது நீங்கதானா?”

“ஆமாங்க்கா.”

“ஆந்தை குடி வந்துச்சுன்னு எங்கள குடி கெளப்புறீங்களே, இது என்னா நாயம்?”

மாரிமுத்து குறுக்கே வந்தார்.

“விடு புள்ள. அது என்னா பண்ணும், பாத்தத எழுதிருச்சு.” பிறகு என்னிடம், “உட்காருங்கம்மா. தேத்தண்ணி குடிங்க” என்றார்.

தேநீர் பக்கத்து வீட்டுக் குவளையில் வந்தது. அவர்களுடைய குவளைகள் மூட்டைக்குள் போய்விட்டிருந்தன. அவர் திட்டியதைவிட, அந்த இரவல் குவளைதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

நான் பார்க்காமல் எழுதியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “அண்ணே, அறுபதையும் பாக்கணும். ஏணி வேணும். நானே ஏறுறேன்” என்றேன். மாரிமுத்து என் புடவையைப் பார்த்தார். மரியாதை தெரிந்த மனிதர், தலையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த நாள் என் தம்பியின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் ஊக்கு குத்திக்கொண்டு போனேன். நிறுவனத்து லோரியில் ஏணியை ஏற்றினோம். முதல் கம்பத்தில் ஏணியைச் சாத்தியதும் கேட்டேன்.

“கயிறு எங்கண்ணே?”

“கயிறு வீட்டுல வேலையா இருக்கும்மா. நான் பிடிச்சுக்கிறேன், ஏறுங்க.”

மூன்று நாளும் அவர்தான் ஏணியைப் பிடித்தார். என்னால் பேர் கெட்ட மனிதர், நான் விழாமல் இருக்கக் கீழே நின்று இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒவ்வொரு படியிலும் அது எனக்கு உறைத்தது.

முதல் நாள் கம்பத்தின் உயரம் பழகியது. இரண்டாம் நாள் பெட்டியின் நாற்றம் பழகியது. தின்றுவிட்டுக் கக்கிய எலி முடியும் எலும்புமாக உள்ளே உருண்டைகள் கிடக்கும். ஒரு பெட்டியில் பஞ்சு உருண்டைகளாக ஐந்து குஞ்சுகள், என்னைப் பார்த்து, கொதிக்கும் சோற்றுப்பானை மூடியைத் தள்ளுகிற மாதிரி சீறின. நான் அலறிய அலறலில், பழம் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

“யம்மா, ஆந்தை அலறுனாத்தான் கெட்ட சகுனம்னு சொல்வாங்க. ஆந்தைய பாத்து கவர்மெண்ட் அலறுனா என்னா சகுனம்?” என்று ஒரு பெண் கேட்டாள். மாரிமுத்து ஏணியைப் பிடித்தபடியே சிரித்தார். அந்தக் கடிதத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் சபாக் பக்கம் கடைசிப் பெட்டியை மூடினோம். நாற்பத்தாறு காலி. பதினான்கில் குடித்தனம். கடிதம் தந்த முப்பது நாளில் பாதிக்கு மேல் ஓடிவிட்டிருந்தது.

காலியான நாற்பத்தாறும் சிக்கல் இல்லாமல் முடிந்தன. பதினான்குக்கும் சிற்றம்பலம் சார் என்னை எதிரே உட்கார வைத்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார்.

“குடியிருப்பவரின் பெயர்?”

“ஆந்தை, சார். ரெண்டு.”

“அடையாள அட்டை எண்?”

நான் விழித்தேன். அவர் கொஞ்சம் யோசித்து, ‘பன்னிரண்டு வயதுக்குக் கீழ், அட்டை வழங்கப்படவில்லை’ என்று எழுதினார். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை.

“தொழில்?”

“எலி பிடிக்கிறது.”

எழுதினார். ‘வெளியேறும் நாள்’ என்ற கட்டத்தில், ‘குஞ்சுகள் பறக்கத் தொடங்கியபின்’ என்று எழுதினார். அதற்கடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. ‘யாருடைய அனுமதியுடன் குடியேறினர்?’

மாரிமுத்துவின் தலையெழுத்து அந்தக் கட்டத்தில்தான் இருந்தது. குத்தகையாளர் அனுமதித்திருந்தால் குற்றம் அவருடையது. நிறுவனம் அனுமதித்திருந்தால் அவருக்குச் சம்பந்தமில்லை. டாக்டர் லிம்மிடம் ஒரு கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்று ஓடினேன். அவர் பாவம், கையைப் பிசைந்தார். ஆந்தைகள் தாமாக வந்தன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சியின் முடிவே. நான் அனுமதித்தேன் என்று கையெழுத்துப் போட்டால், நானே பிடித்து வந்து விட்டேன் என்று நாளைக்கு எவனாவது சொல்வான், இத்தனை வருட வேலையும் பாழாகும் என்றார். மாரிமுத்துக்காக வருத்தப்பட்டார், ஆனால் கையெழுத்துப் போடவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பார்க்காததை எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத்தான் தெரியுமே.

‘தெரியாது’ என்று எழுதிவிடலாமா என்று சாரிடம் கேட்டேன்.

“எழுதலாம். தேடிப் பாத்தும் தெரியாட்டில் எழுதலாம். தேடினனீரோ?”

அன்றுதான் என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கோப்பைக் கவிழ்த்துப் போட்டேன். எரிச்சலோடுதான். தூசி பறந்தது, தும்மினேன். அடியில் கிடந்த முதல் தாள், திட்டத்துக்கு நிறுவனம் கொடுத்த விண்ணப்பம். இரண்டாவது, அதற்குத் தலைமையகம் கொடுத்த அங்கீகாரக் கடிதம். ‘பெட்டிகளைக் கம்பங்களில் ஏற்றிய நாள் முதல் காட்டு ஆந்தைகள் அவற்றில் தாமாக வந்து தங்குவதற்கு இத்துறை அனுமதி வழங்குகிறது’ என்று இருந்தது. கீழே கையெழுத்து. மாரிமுத்துவின் பெயரை நிறுத்தி வைத்த கடிதத்தில் இருந்த அதே கையெழுத்து.

நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சிற்றம்பலம் சார் படித்தார். மறுபடி படித்தார். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. சத்தமே வரவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த மனிதர் சிரித்து அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. நெஞ்சுவலியோ என்று தட்டச்சுக்காரப் பெண் தண்ணீர் கொண்டு வந்துவிட்டாள்.

“நீரே எழுதும் பிள்ளை. இது நீர் கண்டது” என்று எழுதுகிற பேனாவை என்னிடம் நீட்டினார்.

பதினான்கு படிவத்திலும் ‘தலைமையகத்தின் அனுமதியுடன்’ என்று எழுதி, அங்கீகாரக் கடிதத்தின் நகலைப் பதினான்கு முறை இணைத்தேன். முன்பு அனுப்பிய படிவத்தில் ஐம்பத்தாறு பெட்டிகளைப் பார்க்காமலேயே குறியிட்டேன் என்று தனியாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சிற்றம்பலம் சார் அதில் ஒரு எழுத்தைக்கூட அடிக்கவில்லை.

பிறகு பத்து நாள் பதில் இல்லை. மாதக் கடைசி நெருங்கியது. தினமும் தபால்காரர் சைக்கிளைச் சாத்தும்முன் நான் வாசலில் நின்றேன். இன்னும் இரண்டு நாள்தான் என்று இருக்கும்போது வந்தது. நிறுத்தம் நீக்கப்படுகிறது, குத்தகையாளரின் பெயர் பட்டியலில் தொடரும், அறுபது பெட்டிகளும் ஒப்படைக்கப்பட்டதாக ஏற்கப்படுகிறது. அதோடு, வருங்காலக் குழப்பத்தைத் தவிர்க்கப் படிவத்தின் இறுதியில் ஒரு வரி சேர்க்கப்படும். கவிதா கேட்ட வரி அதுதான். எனக்கு எச்சரிக்கைக் கடிதமும் தனியாக வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று தோன்றுமளவுக்கு அன்று சந்தோஷமாக இருந்தேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் மேனேஜர் அலுவலகத்தில் ஒரு நகலைக் கொடுத்தேன். பிறகு லயத்துக்கு நடந்தேன். மாரிமுத்து முழுவதையும் வாசித்துச் சொல்லச் சொன்னார். மலாயில் வாசித்து, தமிழில் சொன்னேன். முடிந்ததும் அவர் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப நாங்க போக வேணாம்?”

“வேணாம்ணே. மேனேஜர்கிட்ட சொல்லிட்டுத்தான் வர்றேன்.”

பாக்கியம் மூட்டைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். இறுகிப்போன முடிச்சை நகத்தால் நெம்பி, பல்லால் கடித்து அவிழ்த்தார். உள்ளே கையை விட்டு மூன்று குவளைகளை எடுத்துக் கழுவினார். அன்று தேநீர் அவர்களுடைய சொந்தக் குவளையில் வந்தது. சர்க்கரை அதிகம். நான் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

நான் எழுந்தபோது மாரிமுத்து தரையில் கிடந்த கயிற்றை எடுத்து, முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு ஏணி கட்டணும்மா” என்றார்.